கடைசிச் சக்கரம்

ஐபெல்ஹோஃப்
18 ஜூன் 1957

அன்புள்ள ஹெட்விக் அக்காவுக்கு,

ரோடர் ஐயாவின் கால்சட்டைதான் முதலில் என் கண்ணில் பட்டது. சைக்கிள் சங்கிலியில் துணி மாட்டாமலிருக்க மற்றவர்கள் இரும்பு வளையம் போட்டிருந்தார்கள். அவர் மட்டும் துணி காயப்போடும் மரக் கவ்வியைக் காலுக்கு ஒன்றாக மாட்டியிருந்தார். டாக்டர் மகள் இர்ம்கார்ட் பார்த்துவிட்டாள். "என்ன ஐயா, உங்களையே கொடியில காயப்போட்டிருக்கீங்களா?" என்றாள். "இந்த மழையில எதுவும் காயாதும்மா. ஒரு ஆசைதான்" என்றார் அவர்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? காப்பிக் கொட்டைத் தூசியால் வந்த இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு இந்த ஈரத்தில் விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. ஊசியும் பிடிக்க முடியவில்லை, பேனாவும் பிடிக்க முடியவில்லை. அதனால் அவளுடைய முத்தத்தையும் நானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்தோடு போனேன். நீ விட்டுப்போன சைக்கிளில்தான். ஆறு மணிப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். பதினான்கு பேர். ஃபிஸ்டர் வாத்தியார் முன்னால், ரோடர் ஐயா எல்லாருக்கும் பின்னால், கையில் சிவப்புக் கோடு போட்ட வெள்ளைப் பட்டையோடு. இப்போதும் அவரைக் கடைசிச் சக்கரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கிராமத்தைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மார்க்ட்பிரைட்டில் ஆற்று வாசலின் வளைவுக்குக் கீழே ஒதுங்கினோம். அந்த வளைவுக்கு மேல் ஒரு வீடு இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து, "கீழ யாரு, வாத்துங்களா?" என்று கேட்டார். கிட்சிங்கனில் கோணல் தொப்பி போட்ட கோபுரத்தைப் பார்த்தோம். ஒரு வறட்சியில் தண்ணீர் கிடைக்காமல் திராட்சை மதுவைச் சுண்ணாம்பில் குழைத்துக் கட்டினார்களாம், அதனால்தான் தலை சாய்ந்துவிட்டதாம். டெட்டல்பாக்கில் ஊரைச் சுற்றி மதில், மதில் நெடுகக் கோபுரங்கள். மதிலில் தண்ணீர் வழிந்து கல்லெல்லாம் கறுத்திருந்தது. ஒரு பேக்கரியில் ஜாதிக்காய் போட்ட பிஸ்கட் வாங்கினேன். நான் வேலை பார்க்கும் பெட்ஸ் அம்மா கடையில் இது வராது. மாவை இரண்டு நாள் வைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் அந்த ஊரின் கதையை வாத்தியாரின் பழைய புத்தகத்திலிருந்து எல்லாருக்கும் கேட்க வாசிக்கவேண்டும். இது நீ இருந்தபோது இல்லாத வழக்கம். மார்க்ட்பிரைட்டில் இர்ம்கார்ட் வாசித்தாள், மணி அடிப்பதுபோல. டெட்டல்பாக்கில் வாத்தியாரே வாசித்தார். முடித்ததும் புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டே, அடுத்த ஊருக்கு யார் என்று சொன்னார்.

அதற்குப் பிறகும் மழைதான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, சூப் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமலிருக்க வேண்டிக்கொள்ளும் தங்கை,
லோனி

*

பிரேமன்
26 ஜூன் 1957

என் லோனிக் குட்டிக்கு,

இருமல் போய்விட்டது. தூக்கம்தான் வரவில்லை. காப்பியைப் பொட்டலம் கட்டுகிறவளுக்குத் தூக்கம் வருமா? அம்மாவின் விரல்களுக்குச் சூடான உப்புப் பொட்டலம் வை. நான் சொன்னேன் என்று சொல், இல்லாவிட்டால் விடமாட்டாள்.

உன் கடிதத்தை எங்கள் அறையில் இருக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். வாத்துக் கிழவரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. மூன்று ஊர் எழுதியிருக்கிறாய். வழக்கமாக நாலாவது ஊர் உண்டே, வோல்காக்? டெட்டல்பாக்கிலிருந்து அது நல்ல தூரம். அங்கே போய்விட்டு நாலு மணிக்கு வீட்டில் சூப் குடித்தாய் என்றால், சைக்கிளுக்கு இறக்கை முளைத்ததா?

ரோடர் ஐயா இன்னும் வருகிறார் என்று கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. பதினைந்து வயதில் சோமர்ஹௌசன் பக்கத்தில் என் டயர் கிழிந்துவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். அவர் தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தே வந்தார். ஊர்ப் பலகை வந்ததும் நின்றுவிட்டார். "நீ முதல்ல போம்மா. கடைசி ஆள் உள்ள போகாம நான் போகக்கூடாது" என்றார். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நின்றார். வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்பவேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான்.

வோல்காக் எப்படி இருந்தது என்று எழுது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
ஹெட்விக்

*

ஐபெல்ஹோஃப்
11 ஜூலை 1957

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். உப்புப் பொட்டலம் வைத்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை. நீ பகலில் காப்பி குடிப்பதையாவது குறைத்துக்கொள்.

நான் வோல்காக் போகவில்லை. டெட்டல்பாக்கில் வயிறு வலித்தது. காய்கறி லாரி ஒன்று நம் பக்கம் வந்துகொண்டிருந்தது. சைக்கிளைக் கூடைகளுக்கு நடுவில் ஏற்றிவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்துவிட்டேன்.

வோல்காக்கில் எண்ணிப் பார்த்தபோது ஒரு ஆள் குறைந்ததாம். வாத்தியார் மற்றவர்களை ஒரு வளைவின் கீழே இரண்டு மணி நேரம் ஈரத்தோடு நிறுத்திவைத்தாராம். இர்ம்கார்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ரோடர் ஐயா மட்டும் திரும்பிப் போய், டெட்டல்பாக்கிலும் கிட்சிங்கனிலும் வீடு வீடாக விசாரித்திருக்கிறார். ஓடக்காரரைக் கேட்டிருக்கிறார். ஆற்றங்கரை நெடுக ஒரு கழியால் நாணலை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இரவு பத்தரைக்கு நம் கதவைத் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. அவள் சாயங்காலத்திலிருந்து தூங்குகிறாள் என்று அம்மா சொன்னதும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "பூட்ஸைக் கழட்டினார். கொட்டினா ஒரு சொம்புத் தண்ணி" என்று அம்மா சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கம் கூடியது. நான் சொல்லிவிட்டுத்தான் போனேன், ரோடர் ஐயாவுக்குத்தான் மறந்துபோயிற்று என்று முடிவாயிற்று. கைப்பட்டை இப்போது அவரிடம் இல்லை.

இங்கே செர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது. உனக்கு ஜாம் அனுப்புகிறோம்.

லோனி

*

பிரேமன்
16 ஜூலை 1957

லோனி,

நலமாக இருக்கிறேன். ஜாம் வேண்டாம், உடைந்துவிடும்.

'முடிவாயிற்று' என்றால் என்ன? நீ அவரிடம் சொன்னாயா, இல்லையா?

அம்மாவுக்கு என் அன்பு.

ஹெட்விக்

*

ஐபெல்ஹோஃப்
4 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு வாரமாக ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மாவு ஒட்டி எழுத்து பாதி மறைந்துவிட்டது. மூன்று வரிதான் என்பதால் மனப்பாடமாகிவிட்டது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நான் சொல்லவில்லை.

வயிறும் வலிக்கவில்லை. டெட்டல்பாக்கில் வாத்தியார் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டே, "வோல்காக் நம்ம லோனிக்கு. பேக்கரிப் பொண்ணு வாயத் தொறந்து இதுவரைக்கும் நாம யாரும் கேட்டதில்லையே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் புத்தகம் பழைய கோணல் எழுத்தில் அச்சடித்தது. அம்மாவுக்கு முடியாமல் போனபோது நான் பள்ளியை விட்டது உனக்குத் தெரியும். அந்த எழுத்தை நான் விரல் வைத்துத்தான் படிக்கிறேன். 'ச' என்று நினைத்து ஆரம்பித்தால் 'ப' என்று முடிகிறது. காகிதத்தில் எழுதும்போது நின்று யோசிக்கலாம். எல்லாரும் பார்க்கும்போது நிற்க முடியாது.

மதில் வாசலைத் தாண்டியதும் இர்ம்கார்டின் சங்கிலி கழன்றது. ரோடர் ஐயா குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்தேன். பக்கத்துச் சந்தில் திரும்பினேன். ஒரு வீட்டு வைக்கோல் கொட்டகையில் நின்று, அவர் சக்கரம் கடந்துபோகும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

கூட்டம் மது விடுதியின் பின்னறையில் நடந்தது. இர்ம்கார்டின் அப்பா கோபமாக இருந்தார். வாத்தியார் என்னைக் கேட்டார்: "பாதியில போறவங்க கடைசி ஆள்கிட்ட சொல்லிட்டுப் போகணும். இது உனக்குத் தெரியும்தானே?" ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்போ அவர்கிட்ட சொன்னியா?" அதற்கும் தலையாட்டினேன். தலை தானாக ஆடிவிட்டது என்று முதலில் இங்கே எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நான்தான் ஆட்டினேன்.

ரோடர் ஐயா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு சொன்னேன்னு சொன்னா, சொல்லியிருக்கும். பொய் சொல்ற பொண்ணு இல்ல. எனக்குத்தான் விட்டுப்போச்சு" என்றார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பியர்க் கோப்பை ஈரம் பட்டுவிடக்கூடாது என்று ஓரமாகத் தள்ளி வைத்தார்.

மறுநாள் கடைக்கு வந்தார். நான் பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பெட்ஸ் அம்மா, "லோனி, உன்னப் பாக்க ஒரு மாப்பிள்ளை வந்திருக்காரு" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "மன்னிச்சுக்கோம்மா. நீ சொன்னத நான் மறந்ததால ஊரெல்லாம் உன் பேரு அடிபடுது" என்றார்.

அக்கா, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன்.

யாரிடமும் சொல்லாதே. அம்மாவுக்குத் தெரியாது.

லோனி

*

பிரேமன்
25 ஆகஸ்ட் 1957

அன்பு லோனி,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ செய்தது தப்பு. அது உனக்கே தெரியும், நான் சொல்லி ஆகவேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். வாத்தியாரின் மனைவி பெட்ஸ் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள். நீ இப்போது போய் உண்மையைச் சொன்னால், அடுத்த திங்கட்கிழமை உனக்கு அந்தக் கடையில் வேலை இருக்காது. அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? நான் இங்கிருந்து ஓடி வரமுடியாது.

போனது ஒரு கைப்பட்டைதானே. அவருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆகப்போகிறது. மழையிலும் வெயிலிலும் கடைசியாக மிதித்தது போதும் என்று அவருக்கே இருக்கலாம். ஊர் இரண்டு மாதம் பேசும், அப்புறம் யார் வீட்டுக் கோழியோ காணாமல் போகும், அதைப் பேசும். நீ பேசாமல் இரு. அவரைப் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்.

நன்றாகச் சாப்பிடு. அம்மாவிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே.

ஹெட்விக்

*

ஐபெல்ஹோஃப்
15 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம்தானே? அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் கோழிக்கூடுவரை போய்வருகிறாள். எனக்கும் ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி பேசாமல் இருந்தேன். ஆனால் போனது கைப்பட்டை மட்டும் இல்லை.

ரோடர் ஐயா ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிறார் என்பதை நீயும் நானும் மறந்துவிட்டோம். போன மாதம் அவரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "என் தலைய நம்ப முடியல. என்னைக் கேட்டுலேர்ந்து எடுத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். யாரும் கேட்கவில்லை. அவராகவே. இப்போது ஸ்டேஷனில் விளக்குக் கண்ணாடி துடைக்கிறார், தரை பெருக்குகிறார். கேட்காரருக்கு உள்ள வீடு அடுத்த கேட்காரருக்குத்தான். அதனால் நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் காலி செய்யவேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவி மார்கரேட்டே சனிக்கிழமை ரொட்டி வாங்க வந்தபோது பெட்ஸ் அம்மாவிடம் சொன்னாள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"எதுக்கு இப்படிப் பண்ணினாராம்?" என்று பெட்ஸ் அம்மா கேட்டாள்.

"ஒரு பொண்ணு மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னது மறந்துபோகும்னா ஒரு ரயிலும் மறந்துபோகும்ங்கறார். என்னத்தச் சொல்ல? சீட்டு வெச்சுக்கிட்டு எழுதறார். அடுப்ப அணைச்சேன், கோழிய அடைச்சேன், மார்கரேட்டே கேட்டதுக்குப் பதில் சொன்னேன். கல்யாணமாகி முப்பது வருஷத்துல இப்பத்தான் என் பேச்ச எழுதி வெச்சுக்கறார்."

"அது நல்லதுதானே" என்று பெட்ஸ் அம்மா சிரித்தாள். மார்கரேட்டேயும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எட்டிப் பார்த்தேன். பெட்ஸ் அம்மா அவளுக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் என்னைத் திட்டும் பெட்ஸ் அம்மா, அவள் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்யட்டும் அக்கா? உடனே எழுது.

லோனி

*

ஐபெல்ஹோஃப்
2 அக்டோபர் 1957

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? ஒரு அட்டையாவது போடு. ரோடர் ஐயா வீட்டு வாசலில் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

லோனி

*

பிரேமன்
13 அக்டோபர் 1957

அன்பு லோனி,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு முகம் இல்லை. ஒரு கைப்பட்டைதானே என்று எழுதியவள் நான்.

நீ மாட்டிக்கொள்ளாமல் அவரைக் காப்பாற்ற வழி இருக்குமா என்று தேடினேன். உன் பேச்சையே எடுக்காமல், நலம் விசாரிப்பதுபோல அவருக்கு ஒரு அட்டை போட்டேன். அதில், உங்களுக்கா மறதி, நான் நம்பமாட்டேன் என்று எழுதினேன். அதைப் படித்து அவர் மனம் மாறுவார் என்று நினைத்தேன். பாதி தந்திரம், பாதி கோழைத்தனம். அவர் எழுதிய பதிலை இதோடு வைத்திருக்கிறேன்.

என்ன செய்யவேண்டும் என்று இந்தமுறை நான் சொல்லமாட்டேன். போன தடவை சொன்னதே போதும்.

வேலை போனால் எனக்கு எழுது. சம்பளத்தில் பாதியை அனுப்புகிறேன்.

ஹெட்விக்

*

(கூட வைத்திருந்தது)

ஐபெல்ஹோஃப் ரயில்வே கேட்
6 அக்டோபர் 1957

அன்புள்ள ஹெட்விக்,

உன் அட்டை கிடைத்தது. இத்தனை வருடம் கழித்து எங்களை நினைத்தாயே, மார்கரேட்டே அதை அலமாரியில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறாள். நாங்கள் நலம். தோட்டத்தில் ஆப்பிள் இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. வீடு மாறும் நேரத்தில் இதற்கு மட்டும் புத்தி வந்திருக்கிறது.

எனக்கு மறதி இருக்காது என்று நீ எழுதியது நல்ல மனசு. ரயில்வே டாக்டரும் அப்படித்தான் சொன்னார். படங்களைக் காட்டிக் கேட்டார், பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னேன். ஒன்றுமில்லை என்றார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அந்த நாள் முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது, ஹெட்விக். டெட்டல்பாக் வாசலில் எண்ணினேன், பதினான்கு. ஒரு பெண்ணின் சங்கிலி கழன்றது. இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவை மாட்டியது. கையைப் புல்லில் துடைத்தேன். புல் சில்லென்று இருந்தது. இதெல்லாம் இருக்கிறது. உன் தங்கை வந்து நின்று சொன்னது மட்டும் இல்லை. கத்தரித்து எடுத்ததுபோல இல்லை. கேட்டில் அப்படி ஒரு நிமிடம் காணாமல் போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் வருகிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். நான் போய் உன் தங்கையைக் கேட்டால், குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துப் பயந்துவிடும். கூச்ச சுபாவம். என்னைப் பார்த்தாலே இப்போது பின்கட்டுக்குள் போய்விடுகிறது, என்னால் பட்ட அவமானம் அப்படி. நீ எழுதும்போது பேச்சுவாக்கில் கேள். எந்த இடத்தில் சொன்னது? வாசல் பக்கமா, கிணற்றடியிலா? என்ன வார்த்தையில் சொன்னது? ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தேடிப் பார்ப்பேன்.

குளிரில் பத்திரமாக இரு.

கிலியன் ரோடர்

*

ஐபெல்ஹோஃப்
20 அக்டோபர் 1957

அன்புள்ள ஹெட்விக் அக்காவுக்கு,

அம்மா நலம், நானும் நலம், நீ நலமாக இருக்கவேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் ஆயிற்று எனக்கு. இன்று காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு வீங்கிய விரல்களாலேயே என் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டு, "பூசைக்கு வரவேண்டாம். நேரா அங்க போ" என்றாள்.

ரோடர் ஐயா கேட் வீட்டுக்குப் பின்னால் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். பெட்டி செய்கிறார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"நான் சொல்லல" என்றேன்.

"என்னம்மா சொல்லல?"

"டெட்டல்பாக்ல. வாசல்லயும் இல்ல, கிணத்தடியிலயும் இல்ல. எங்கயும் சொல்லல. ஒளிஞ்சு நின்னுட்டுப் போயிட்டேன். கூட்டத்துல பொய்யாத் தலையாட்டினேன்."

ரம்பம் பலகையில் பாதியில் நின்றிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

சொன்னேன். சந்து, வைக்கோல் கொட்டகை, அவர் சக்கரச் சத்தம், வாசிக்கப் பயந்தது, எல்லாம். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, மார்கரேட்டே கதவருகில் நின்றிருந்தாள். ஆப்பிள் கூடையைக் கீழே வைத்தாள். வேகமாக என் பக்கத்தில் வந்து கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"நாலு மாசம்டி" என்றாள். "முகம் கழுவினதக்கூட சீட்டுல எழுதி வெச்சாருடி மனுஷன். அந்தக் கடைக்கு நான் வாரத்துக்கு மூணு நாள் வந்தேனே. திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா" என்றேன்.

"மார்கரேட்டே, உள்ள போ" என்றார் அவர். அவள் போகவில்லை.

அவர் அறுத்த பலகைமேல் உட்கார்ந்தார். "அப்போ என் தலை நல்லாத்தான் இருக்கு" என்று யாருக்கும் சொல்லாமல் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நாணல்ல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது. இடுப்புத் தண்ணியில எறங்கிப் போனேன். கிட்டப் போறவரைக்கும் அது நீதான்னு நெனச்சேன். மாவுச் சாக்கு." நிறுத்திவிட்டு, "உங்க அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு வழி நெடுக யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அது அப்புறம்" என்றார். "இப்ப எனக்கு அதுக்கு நேரமில்ல. கோட்டு எடுத்துட்டு வரேன், இரு."

ஸ்டேஷனுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வூர்ட்ஸ்புர்க் வண்டிக்கு ஏழெட்டுப் பேர் சீட்டு வாங்க நின்றிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கதவைச் சாத்தவில்லை. நான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வெளியே வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இத வாயால சொன்னா எனக்குப் பிரயோஜனமில்லம்மா. எழுது" என்று ஒரு தாளை நீட்டினார். ஒன்பது வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது மேலிடத்துக்குப் போகவேண்டுமாம். டாக்டர் சீட்டு ஏற்கெனவே நல்லபடியாக இருப்பதால் கேட் வேலை திரும்பக் கிடைக்கலாம், ஆனால் வீட்டைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியாதாம். புதிய கேட்காரருக்கு உத்தரவு போய்விட்டது.

வெளியே வந்ததும் ரோடர் ஐயா சட்டைப்பையிலிருந்து, மறக்காமலிருக்க எழுதி வைத்த சீட்டுகளை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டார். "வாத்தியார் வீட்டுக்கு நான் வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கேட் பக்கம் நடந்தார்.

நான் மேட்டுத் தெருவில் ஏறினேன். வாத்தியார் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பெட்ஸ் அம்மாவின் குரல் கேட்டது, அதற்கு இர்ம்கார்டின் அப்பா சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள். தட்டுகளில் கரண்டி படும் சத்தம். தனியாக அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வரலாம், இவர்கள் போகட்டும் என்று தெருமுனைவரை திரும்பிப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு திரும்பி வந்து மணிக்கயிற்றை இழுத்தேன்.

லோனி